விட்டுப்போன 'ஸ்'

என்னங்க,

இன்று தையல் மிஷினில் ஊசி உடைந்ததும் என் வாய் தானாகவே "தோத்திரம்" என்றது. தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்த டீச்சர், "நீ எப்போ சர்ச்சுக்குப் போக ஆரம்பிச்சே?" என்று சிரித்தார். நான் எங்கே போனேன்? உங்களோடு குடித்தனம் நடத்தியதில் ஒட்டிக்கொண்டது.

லாரி டயர் வெடித்தாலும் உங்களுக்கு ஸ்தோத்திரம். குழம்பில் உப்பு கூடினாலும் ஸ்தோத்திரம். "உங்க சாமிக்கே காது வலிக்கும், கொஞ்சம் விடுங்க" என்றால், அதற்கும் ஒன்று!

ஆஸ்பத்திரியிலிருந்து நாம் வெறுங்கையோடு திரும்பியபின் அந்தச் சொல்லை நீங்கள் வாயில் எடுக்கவே இல்லை. இப்போது வெளியூர் லோடு போய், போனில் "சாப்பிட்டியா? சரி, வச்சிடறேன்" என்பதோடு சரி. நான் தைத்து வைத்த குட்டிச் சட்டைகளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

உங்கள் சாமிமேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. நான் அவரோடு பேசாவிட்டால் குடி முழுகிவிடாது. நீங்களும் விட்டுவிட்டால், இந்த வீட்டிலிருந்து அவரிடம் பேச யார் இருக்கிறார்கள்?

அதனால் நீங்கள் வரும்வரை நானே சொல்லிவைக்கிறேன். ஆனால் முன்னால் வரும் அந்த 'ஸ்' மட்டும் என் வாயில் நுழையமாட்டேன் என்கிறது.

சீக்கிரம் வந்து திருத்துங்கள்.

உங்கள் தையல்காரி