நேற்று வைத்த குழம்பு

20.11.2020, வெள்ளி

மருமகள் மலர்விழிக்கு ஜப்பான் குழம்பு செய்து தருவதாக மகன் அன்புச்செல்வனிடம் போனில் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஏன் ஒப்புக்கொண்டேன்? மனைவி பாப்பாத்தி இறந்த பிறகுதான் ஒழுங்காக ரசம் வைக்கவே கற்றுக்கொண்டேன். வழக்கம்போல் முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன். இனி எழுதப்போவது எல்லாம் இவற்றைச் சுற்றித்தான் இருக்கும்.

1. இந்தக் குழம்பில் புளி இல்லை, தேங்காய் இல்லை, தாளிப்பு இல்லை. கைப்பழக்கத்தை நம்பக் கூடாது.
2. மாவு வறுக்கும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது.
3. இடஒதுக்கீடு, போராட்டம் என்ற பேச்சை இந்த வீட்டுக்குள் எடுக்கக் கூடாது.
4. நேற்று வைத்ததை மலர்விழிக்குப் போடக் கூடாது.

மூன்றாவதைக் காப்பாற்ற முடியுமா, தெரியவில்லை. நான்காவதில் சந்தேகமே இல்லை.

22.11.2020, ஞாயிறு

மலர்விழிக்கு இது ஐந்தாம் மாதம். ஜப்பானில், நகோயாவில் அன்புவோடு இருந்தவள். கொரோனாவில் அவள் வேலை போயிற்று. பிரசவத்துக்கு ஊருக்கே அனுப்பிவிட்டான். அவனுக்கு விடுப்பு இல்லை. அவள் அம்மா ராஜாம்பாள் உயிரோடு இல்லை. அப்பா மாயவன், காலனியில் தன் தம்பி வீட்டில் ஒரு ஓரமாக இருக்கிறார். அதனால் இங்கே, என்னிடம்.

எது சாப்பிட்டாலும் வாந்தி. குழந்தையின் எடை போதவில்லை என்கிறார் கள்ளக்குறிச்சி டாக்டரம்மா. "எது எறங்குதோ அதக் குடுங்க பெரியவரே, இன்னும் கொறஞ்சா கஷ்டம்." வீட்டுக்கு வந்து கேட்டேன். தரையைப் பார்த்தபடி, "அங்க சாப்புடுற கொழம்பு இருந்தா சாப்புடுவேன் மாமா" என்றாள். கரைத்து விடுவதற்கு அன்பு அனுப்பிய மசாலாக் கட்டிகள் வழியில் எங்கோ நிற்கின்றன.

"கட்டி இல்லன்னா மைதாவ வெண்ணெயில வறுத்துக்கோப்பா. செவக்கணும், கருகக் கூடாது. சக்கர ஆலை லேப்ல இருந்தவருக்கு நான் சொல்லணுமா?" என்கிறான்.

சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. கருகிவிடுமோ என்ற பயத்தில் வெளுப்பாகவே இறக்கிவிட்டேன். வெறும் பசை. தெருவில் போஸ்டர் ஒட்டும் பையன்களுக்குக் கொடுத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். மலர்விழி இரண்டு வாய் சாப்பிட்டு, "பரவால்ல மாமா" என்றாள்.

26.11.2020, வியாழன்

புயல். ராத்திரி முழுக்கக் காற்று. கரண்ட் இல்லை. மிச்சக் குழம்பில் மோர் ஊற்றிக் கரைத்து, கொல்லைப் பக்கம் நின்று நானே குடித்துவிட்டேன். தினமும் இப்படித்தான். என்ன ருசி என்று பார்ப்பதில்லை. அவள் கண்ணில் படாமல் தீர வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவதற்குக் காரணம் எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன். ராஜாம்பாள் எங்கள் நிலத்தில் களை எடுத்தவள். வேலை முடிந்ததும் தூக்குச்சட்டியோடு பின்வாசலில் நிற்பாள். பாப்பாத்தி எட்ட நின்று அதில் முந்தின நாள் குழம்பை ஊற்றுவாள். அம்மாவோடு கூட வந்து அந்தத் தூக்கின் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சின்னப் பெண். அவள்தான் மலர்விழி. அவளுக்கு நான் எப்படி —

30.11.2020, திங்கள்

முன்னேற்றம். வெங்காயத்தை அல்வா மாதிரி ஆகும்வரை வதக்கினேன். ஆப்பிளைத் துருவிப் போட்டேன். கல்வராயன் மலைத்தேன் ஒரு கரண்டி. மாவு இன்று நன்றாகச் சிவந்தது. ஆலையில் பாகு கொதித்து வரும்போது இருக்குமே, அந்த நிறம். பொன்னி அரிசி உதிர்கிறது என்று பச்சரிசியைக் குழைய வைத்தேன். அரைத் தட்டு இறங்கியது.

"கிட்ட வந்துட்டீங்க மாமா. இன்னாவோ ஒண்ணு தான் கொறையுது."

"உப்பா?"

"இல்ல."

"இனிப்பு கம்மியா?"

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். என்ன குறைகிறது? அன்புவைக் கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை.

1.12.2020, செவ்வாய்

ஒதுக்கீடு கேட்டுச் சென்னையில் நடக்கும் போராட்டத்துக்கு விடியலிலேயே வேன்கள் போயின. கோஷம் கேட்காமலிருக்க அவள் அறைச் சன்னலைச் சாத்தினேன்.

5.12.2020, சனி

சரத்குமார் வந்தான். என் தம்பி மகன். அன்பு கல்யாணத்துக்குப் பிறகு இன்றுதான் கேட்டுக்குள் கால் வைத்தான். உட்காரவில்லை.

"பெரிப்பா, பதினாலாந் தேதி வி.ஏ.ஓ. ஆபீஸ்ல மனு குடுக்கிறோம். வூட்டுக்கு ஒருத்தரு. நீங்க வரணும்."

"முட்டி வலிக்குதுப்பா."

"முட்டியா, மருமவளா?" கூட வந்தவர்கள் சிரித்தார்கள். "பேரன் பொறந்தா சாதி சர்ட்டிபிகேட்ல இன்னா போடப்போறீங்க? அதயாவது ரோசன பண்ணுங்க. வரலன்னா நாங்க இன்னா பண்ணப்போறோம், ஒண்ணும் இல்ல. உங்க மோட்டாருக்கு கரண்டு மட்டும் எங்க கொட்டாயிலேர்ந்து தான் வந்துக்கினு இருக்குது."

எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்கிறான். அதில் நியாயம் இல்லையா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். டிப்ளமோ முடித்துவிட்டு டிராக்டர் ஓட்டுகிறான். ஆனால் இதை அவனிடமும் சொல்லவில்லை. 'என் மருமகளைப் பற்றி இப்படிப் பேசாதே' என்றும் சொல்லவில்லை. மலர்விழி உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று மூன்று கவளம். அதுவும் வெளியே வந்துவிட்டது.

9.12.2020, புதன்

எடை ஏறவில்லை. டாக்டரம்மா என்னைத்தான் பார்த்தார்.

மாலையில் மாயவன் முருங்கைக்கீரையோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். "உள்ள வாங்க" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "இருக்கட்டும் அய்யா" என்றார். சம்பந்தியை அய்யா என்று கூப்பிடும் ஊர் இது. அதை மறுத்துச் சொல்லவும் எனக்கு வரவில்லை.

அவர் போனதும் மலர்விழி சொன்னாள்: "பதினஞ்சாந் தேதிக்கு மேல நான் அப்பாகூட போயிடறேன் மாமா. உங்களுக்கும் தொந்தரவு, ஊரும் பேசுது."

அந்த ஒற்றை அறையிலா? ஏழு பேர் இருக்கும் இடத்திலா? அன்புவிடம் என்ன சொல்வேன்? இங்கேயே இரு என்று பிடிவாதம் பிடிக்க எனக்கு என்ன உரிமை?

13.12.2020, ஞாயிறு

கடைசி முயற்சி என்று வைத்தேன். கால் தட்டுதான் இறங்கியது. மிச்சத்தை ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். கரைத்துக் குடிக்க இன்று தெம்பு இல்லை.

14.12.2020, திங்கள்

மனு கொடுக்கப் போய்விட்டேன். மோட்டாருக்குப் பயந்தா, உறவுக்குப் பயந்தா, இல்லை நியாயம் என்று பட்டதாலா? மூன்றும் இருக்கலாம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சரத்குமார் மோர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்தேன்.

திரும்பி வந்தால் சமையலறை விளக்கு எரிகிறது. மலர்விழி தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். எதிரே அந்தப் பாத்திரம். வழித்துத் துடைத்த மாதிரி காலி.

"அய்யோ, அது நேத்து வச்சதும்மா —"

"தெரியும் மாமா. ஏன் ஒளிச்சு வச்சீங்க?"

பாத்திரத்தை எடுத்துத் தொட்டியில் வைத்தேன்.

"எங்கம்மா தூக்குல வாங்கினு போனாங்களே, அத்த நெனச்சுக்கினு தான?"

பொய் சொல்லத் தெரியவில்லை. தலையை ஆட்டினேன்.

"அங்க உங்க புள்ள ஞாயித்துக்கெழம வப்பாரு. அன்னிக்கி தொட வுடமாட்டாரு. ராவெல்லாம் ஊறி, கெட்டியாயி, மறுநாளு சுடவச்சா தான் அந்தக் கொழம்புக்கு ருசியே. இங்க எல்லாம் புதுசு புதுசா வச்சு வச்சுப் போட்டீங்க. ஆனா நேத்துக் கொழம்பு இருக்கான்னு இந்த வூட்ல வந்து நான் எந்த வாயால கேப்பேன்? சொல்லுங்க."

அழுகிறாளா, சிரிக்கிறாளா, எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் போல.

"தெனம் புதுசா போட்டா மட்டும் அது இல்லன்னு ஆயிடுமா மாமா?"

ஆகாது என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

15.12.2020, செவ்வாய்

சாப்பிட்டது அப்படியே தங்கியிருக்கிறது. போவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

20.12.2020, ஞாயிறு

நேற்றே பெரிய பாத்திரத்தில் வைத்துவிட்டேன். இன்று சுடவைக்க மட்டும்தான் வேலை. உருளைக்கிழங்கு விளிம்பெல்லாம் கரைந்து, குழம்பு கரண்டியை விட்டு மெல்ல இறங்குகிறது. எதுவுமே சேர்க்கவில்லை. வேறு குழம்பு மாதிரி இருக்கிறது.

மதியம் மாயவன் வந்தார். வழக்கம்போல் கேட்டருகில் நின்றார். இந்த முறை நான் கேட் வரைக்கும் போனேன். "சாப்பிட வாங்க சம்பந்தி." அவர் மகளைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள்.

"நேத்து வச்சது தாம்பா" என்றாள் நேராக.

மாயவன் கை தட்டின் மேல் அப்படியே நின்றது. நான் அதே பாத்திரத்திலிருந்து முதலில் எனக்குப் போட்டுக்கொண்டேன். நான் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு அவரும் பிசைந்தார்.

"இத்த துன்னுட்டு தானா ஜப்பான்காரன் அவ்ளோ மிஷினு செய்றான்?" என்றார். மலர்விழிக்குப் புரையேறிவிட்டது. மறுபடி போட்டுக்கொண்டாள்.

எதிர்வீட்டுச் சன்னலில் ஆள் நின்றது. இந்நேரம் சரத்குமாருக்குச் சேதி போயிருக்கும். நாளை மோட்டார் ஓடுமா, தெரியவில்லை. குடங்களிலும் அண்டாவிலும் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

முதல் பக்கத்தில் எழுதிய வரிசையைப் புரட்டிப் பார்த்தேன். மற்றவற்றை விட்டுவிடலாம். நான்காவது தவறு. அதில்தான் எனக்குச் சந்தேகமே இல்லாமல் இருந்தது.