வாகோபாவுக்கு நான் போட்ட ‘ஹூம்’

8 ஜூலை, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். குடையைக் காணோம்.

இதெல்லாம் நடக்கும் என்று முன்னாடியே சொன்னவன் நான். ரோடு வரும், கல்லுக்கு ஆபத்து வரும், கடைசியில் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று பெண்டாட்டி சரோஜாவிடம் போன வருஷமே சொன்னேன். “நீங்க சொன்னது கரன்ட் போகும்னு” என்கிறாள். அவளுக்கு ஞாபகமறதி.

விஷயம் இதுதான். பாண்டுரங் என்னோடு பிம்ப்ரி ஃபாக்டரியில் 34 வருஷம். அவன் பாய்லர், நான் ஃபிட்டர். ஃபோர்மேனுக்கே ஐடியா கொடுத்த ஃபிட்டர். அவன் மகாதேவ் கோளி, மலை ஜனம். இந்த ஊர் ஊராவதற்கு முன்பே இங்கே இருந்தவர்கள். அவர்கள் குடியிருப்பான பஸ்தி ஓரத்தில் செந்தூரம் பூசிய கல் ஒன்று. வாகோபா, புலிச்சாமி. வருஷா வருஷம் மழை பிடித்ததும் வீட்டுக்கு ஒரு பாக்ரி, அதாவது நம்ம கேழ்வரகு ரொட்டி, அதன் முன்னால் வைப்பார்கள். இப்போது புது அபார்ட்மென்ட்டுக்கு ரோடு. கல்லைப் பெயர்த்து டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வைப்பார்களாம். புலியை! டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில்!

தங்கச்சி மகள் பிரியா காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாள். பழங்குடிகளின் வாய்க்கதைகளைப் பதிவு செய்யும் வேலை. கல்லின் கதையையும் பதிவு செய்து திங்கட்கிழமை ரோடு என்ஜினியருக்குப் போட்டுக் காட்டப் போகிறாள். காகிதச் சாட்சி ஒன்றும் கிடையாது. கதை மட்டும்தான்.

9, புதன்

மழை. பிரியா அழுதுகொண்டே ஃபோன். பாண்டு நாலு வரி சொல்கிறான், நிறுத்திவிடுகிறானாம்.

போய்ப் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். இவர்கள் கதை சொன்னால் கேட்கிறவன் வரிக்கு வரி ‘ஹூம்’ போட வேண்டும். இவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

பாண்டு: “அரே அண்ணா, இந்தப் பொண்ணு தூங்கிட்டாளா? நான் யாருக்குச் சொல்றது, அந்த டப்பாவுக்கா?”

பிரியா: “மாமா, நீங்க ஹூம் மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க. அவ்வளவுதான்.”

36 வருஷ சர்வீஸ்காரனை வெறும் ஹூமுக்கு வைத்துக்கொள்கிறார்கள். சம்மதித்தேன்.

வாங்க வேண்டியது: குடை, மூட்டுத் தைலம், தொண்டைக்கு மிட்டாய் (ஹூமுக்கு).

10, வியாழன்

பதிவு முடிந்தது. என் ஹூம் மாதிரி ஹூம் இந்த ஜில்லாவில் கிடையாது.

கதை: பாண்டுவின் வம்சத்து மூதாய் குழந்தையைக் கல்லடியில் போட்டுவிட்டுப் புல் அறுக்கப் போனாள். திரும்பி வந்தால் பக்கத்தில் புலி, காவலுக்கு. அவள் பயந்து ஓடவில்லை. மடியில் இருந்த ஒரே பாக்ரியை எடுத்து அதன் முன்னால் வைத்தாள். புலி தின்றுவிட்டுப் போயிற்று.

இவ்வளவுதான். சின்னதாக முடிந்துவிட்டது. என்ஜினியருக்கு இது போதுமா? ஹூமோடு சேர்த்து, “கல்லுக்கடியில ஒரு ஊத்து இருந்துச்சே பாண்டு, புலி அதுல தண்ணி குடிச்சுட்டுப் போச்சே” என்றேன். அப்புறம் ஊற்று எப்படிக் கொப்பளித்தது, புலி மீசையில் எப்படித் துளி தொங்கியது என்று ஒரு கால் மணி நேரம்.

பாண்டு வாயைத் திறந்தபடி கேட்டான். “ஹூம்” என்றான். அவன்! எனக்கு!

சரோஜா: “உங்களுக்குப் புலியைப் பத்தி என்ன தெரியும்?”

ஃபாக்டரி கேட்டில் ஒரு புலியை நேரில் பார்த்தவன் நான் என்றேன். “அது கேன்டீன் பூனை” என்கிறாள்.

14, திங்கள்

மழை விட்டது. சரித்திர நாள்.

என்ஜினியர் கல் பக்கத்திலேயே நின்று கேட்டார். குழந்தைக்கு அசையவில்லை, பாக்ரிக்கு அசையவில்லை. ஊற்று என்றதும் காதில் இருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினார். “ஊற்றா? இதுக்கு மேல ரோடு போட்டா உள்ள இறங்கிடுமே. தோண்டுங்க.”

நான் இரண்டடி பின்னால் போய் நின்றேன். மூன்றாவது கடப்பாரைக் குத்து. தண்ணீர்!

பஸ்தி முழுக்க “வாகோபா! வாகோபா!” பாண்டு என்னைத் தூக்கியே விட்டான். என்ஜினியர் ரோட்டை இருபதடி தள்ளிக் கோடு போட்டார், கையெழுத்தும் ஆயிற்று. கல் தப்பித்தது.

நானும் ஒரு கை அள்ளிக் குடித்தேன். பிளீச்சிங் பவுடர் வாடை. 40 வருஷம் பைப்போடு குடித்தனம் நடத்தியவனுக்குத் தெரியாதா? எங்கேயோ குழாய் ஒழுகுகிறது. வாயைத் துடைத்துக்கொண்டு நானும் “வாகோபா!” என்றேன்.

15, செவ்வாய்

வெயில். குடை கிடைத்தது, சரோஜா கட்டிலுக்கடியில். (நான் சொன்ன இடம்.)

சாயங்காலம் பஸ்திக்குப் போனேன். கல் முன்னால் வரிசை. ஒரு பாக்ரிகூட இல்லை. எல்லார் கையிலும் சொம்புத் தண்ணீர்.

பிரியா இன்னொரு தடவை பதிவு செய்துகொண்டிருந்தாள். இப்போது அவளே அழகாக ஹூம் போடுகிறாள். பாண்டு சொல்கிறான்: புலி வந்தது, ஊற்றில் தண்ணீர் குடித்தது, மீசையில் துளி தொங்கியது, போய்விட்டது. மூதாய் இல்லை. பாக்ரி இல்லை.

“பாக்ரி எங்க பாண்டு?” என்றேன்.

“அது எதுக்குண்ணா? ஊத்துதான் முக்கியம். எங்க அப்பாவே சொல்லுவாரு.”

அவன் அப்பாவை எனக்குத் தெரியும். ஊற்று என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ராத்திரிச் சோறு இறங்கவில்லை. “என்ன, கேன்டீன் பூனை நாக்கைத் தின்னுடுச்சா?” என்றாள் சரோஜா. தட்டைத் தள்ளி வைத்தேன். பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நாளைக் காலை பத்து மணிக்குப் பிரியா பதிவைக் காலேஜில் ஒப்படைக்கிறாள். கல்லுக்கு இனி ஆபத்து இல்லை. கதைக்குத்தான். பத்து மணிக்கு முன்னால் பாண்டு வீட்டுக்குப் போக வேண்டும். எப்படிச் சொல்வது என்று இங்கே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

பாண்டு, புலி தண்ணீர் குடிக்கவில்லை. உங்கள் மூதாய் கொடுத்த பாக்ரியைத்தான் தின்றது. ஊற்று நான் விட்டது.