பெயர் மட்டும் மாறும் செய்தி

தம்பிக்கு,

கொள்ளிடத்தில் மூழ்கியவள் யார்?

ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரமே உன் பேப்பர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு செய்தி தயாராக இருந்தது: "குளிக்கச் சென்ற பொன்னுத்தாய் மாயம்." "வருஷம் தவறாம யாராவது போவாங்கக்கா, அப்பப் பேரை மாத்திக்குவேன்" என்றாய். என் வீட்டில் சமைப்பவளின் பெயர்தான் உனக்குச் சட்டென்று வந்திருக்கிறது.

நேற்று ஆற்றில் நிஜமாகவே ஒருத்தி போக, இன்று அது பேர் மாறாமல் அப்படியே அச்சாகிவிட்டது. மருங்காபுரியிலிருந்து பொன்னுத்தாயின் மகள் போனில் கதறினாள். "நான் இங்கதாண்டி இருக்கேன்" என்று தேற்றிய பொன்னுத்தாய், பிறகு என்னிடம் கேட்டாள்: "அப்ப போன பொம்பள யாரும்மா? அவளை இனிமே யாரு தேடுவாங்க?"

உன்னைக் கூப்பிட்டேன். "பாத்துக்கறேன்க்கா" என்றாய்.

மறுநாள் சேர்த்தது: உன் பேப்பரில் "பொன்னுத்தாய் உடல் மீட்பு" என்று வந்திருக்கிறது. காபியோடு அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

அக்கா