திருப்பிச் சொல்லுங்கள்

என்னங்க,

போனில் கூப்பிட்டால் "சரி" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் உசிலம்பட்டிக்குக் கடிதம் போடுகிறேன். சண்டைக்கு அல்ல, நன்றி சொல்ல.

நேற்று கண்ட்ரோல் டவரில் வேலையில் இருந்தேன். ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. புறப்படக் காத்திருந்த இன்னொன்றின் விமானியிடம், "அது இறங்கும்வரை ரன்வேக்கு வெளியே நில்லுங்கள்" என்றேன். சொன்னதை அவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவரோ "ரோஜர்" என்று முடித்துவிட்டார். நம் வீட்டுச் "சரி"தான் அது. உடனே உங்கள் முகம் நினைவுக்கு வந்தது. போன மாதம் உங்கள் "சரி"யை நம்பி, பாப்பா பள்ளி வாசலில் ஒரு மணி நேரம் மழையில் நின்றாளே.

"நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்றேன்.

"ரன்வேக்குள் போகிறோம்" என்றார்.

நிறுத்தினேன். இரண்டு விமானத்திலும் இருந்த அத்தனை பேரும் பத்திரம்.

பாப்பாவிடம் சொன்னேன். "அப்பாவ வரச் சொல்லும்மா" என்றாள்.

நீங்கள் கோபித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய அன்று நானும் அம்புட்டுப் பேசியிருக்க வேண்டாம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவனியாபுரம் பஸ் ஸ்டாப்பில் நிற்போம். "சரி" என்று மட்டும் பதில் போடாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த ஸ்டாப் என்று திருப்பிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா