முஹர்ரம் பத்தில் ஒரு நிக்காஹ்

12 ஜூன் 2025, வியாழன்

மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். டிவியில் பூத்தூவல். அதிராம்பட்டினம் பக்கத்துக் கடைமடைக்குத் தண்ணீர் வருமா? தூர்வாரியதாகச் சொல்லும் மூன்று வாய்க்காலுக்கும் ஒரே படத்தை நீர்வளத்துறைக் கோப்பில் வைத்திருக்கிறார்கள். நகலைக் கொடுத்தவர் அந்த அலுவலகத்து டைப்பிஸ்ட் மலர்க்கொடி அக்கா. "மூணு வாய்க்கால்லயும் அதே எருமை நிக்கிது பாரு. எம் பேரு மட்டும் பேப்பர்ல வரக் கூடாது ஹுமைரா, பொண்ணு படிக்கிது" என்றார். வராது என்று சத்தியம் செய்தேன்.

குறிப்பெல்லாம் லேப்டாப்பில் பத்திரம். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பி சலாஹுதீன் முழுக்க என்கிரிப்ட் செய்து கொடுத்தான். "எவன் தூக்கிட்டுப் போனாலும் ஒரு எழுத்து படிக்க முடியாது லாத்தா."

17 ஜூன்

மெயிலில் நிக்காஹ் அழைப்பிதழ், கமருன்னிஸா மாமி பெயரில். ஜூலை ஆறாம் தேதியாம். முஹர்ரம் பத்து, நோன்பு நாள்! எங்கள் ஊரில் எந்தக் கிறுக்கன் அன்றைக்கு நிக்காஹ் வைப்பான்? யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கத் திறந்தேன். வெறும் வெள்ளைப் பக்கம்.

26 ஜூன்

மலர்க்கொடி அக்காவைக் கீழ்வேளூருக்குத் தூக்கியடித்துவிட்டார்கள். ஆர்டரைக் கொடுத்த அதிகாரி, "மூணு வாய்க்கால்லயும் அதே எருமையாமே?" என்று சிரித்தாராம்.

அந்தப் பேச்சு இருப்பது இந்த நோட்டிலும் லேப்டாப்பிலும்தான். நோட்டு என் அலமாரியை விட்டு நகரவில்லை. அப்படியென்றால் — அந்த வெள்ளைப் பக்கம்? மாமிக்கு போன் போட்டேன். "மெயிலா? எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. எந்த நிக்காஹ்?"

2 ஜூலை

நான் அனுப்பிய அந்த மெயிலைச் சோதித்த சென்னைக் கம்ப்யூட்டர் நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். அழைப்பிதழுக்குள் உளவு மென்பொருள். விற்கும் கம்பெனி வெப்சைட்டில் புறாப் படம் போட்டிருக்கிறது: அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம், பயங்கரவாதிகளைப் பிடிக்க மட்டுமே. பிடித்துவிட்டார்கள், எருமையைப் பார்த்த ஒரு டைப்பிஸ்டை! உலகம் முழுக்கக் கடை விரித்தவர்களுக்கு முஹர்ரத்தில் யாராவது நிக்காஹ் வைப்பார்களா என்று ஓர் ஆளைக் கேட்கத் துப்பில்லை. சரி, அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திறந்தவளை என்ன சொல்வது?

"பொட்டி மூடியிருந்தாத்தான் பூட்டு, லாத்தா. நீ தொறந்து உக்காந்தா அவனும் ஒங்கூட உக்காந்து படிக்கிறான்" என்கிறான் சலாஹுதீன். இதை அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

6 ஜூலை

இன்று நிக்காஹ். மாமி நோன்பு. பிரியாணி இல்லை.

9 ஜூலை

கீழ்வேளூர் போனேன். அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. சத்தியம் செய்தேனே — என்ன சத்தியம் அது!

"அழுவாத. பேர ஒளிச்சு வச்சு என்னத்தக் கண்டோம்? அவனுவளுக்குத் தெரிஞ்ச பேரு ஊருக்கும் தெரியட்டும். பேரோட போடு."

"வேலை போயிடுமேக்கா."

"இப்ப தூக்குனா யாரும் கேக்க மாட்டாங்க. பேப்பர்ல வந்தப்பறம் தூக்குனா, ஏன்னு நாலு பேரு கேப்பாங்கல்ல?"

11 ஜூலை

லேப்டாப்பைச் சுத்தமாக அழித்துத் தருகிறேன் என்றான் சலாஹுதீன். நாளைக்கு அழி என்றேன்.

அதிலேயே உட்கார்ந்து செய்தி முழுவதையும் அடித்தேன். முதல் வரியில் மலர்க்கொடி, டைப்பிஸ்ட். இரண்டாவது வரியில் எருமை. கூட உட்கார்ந்து படிக்கிறவர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று மெதுவாகத்தான் அடித்தேன்.