நீ தெற்குப் பக்கம் நட்ட கொடி

இன்று காலை செம்மேட்டிலிருந்து மலை இறங்கும் பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்த பெண் ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறித் தன் மூக்கருகே வைத்துக்கொண்டாள். முதல் வளைவுகூட வந்திருக்கவில்லை. அந்த வாசனை பட்டதும் நான் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு உள்ளே நகர்ந்து உட்கார்ந்தேன். உனக்கு இடம் விட்டிருக்கிறேன் என்பது சற்றுக் கழித்துத்தான் உறைத்தது.

"ஏன் கண்ணு, வெயிலடிக்குதா?" என்று அப்பா கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

மடியில் இருந்த பையில் என் சான்றிதழ்கள். கோயமுத்தூர் கல்லூரி ஒன்றில் பி.காம், திருச்சி கல்லூரி ஒன்றில் தாவரவியல். இரண்டுக்கும் இன்றுதான் கலந்தாய்வு. நாமக்கல் பஸ் நிலையம் போய்ச் சேர்வதற்குள் எந்த ஊர் பஸ் என்று நான் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். கோயமுத்தூர் நாம் இருவரும் சேர்ந்து போவதாகச் சொல்லிக்கொண்ட ஊர். ஒரே வகுப்பு, ஒரே விடுதி அறை. ஜன்னல் பக்கக் கட்டில் உனக்கு என்பதுவரை பேசி முடித்திருந்தோம்.

உன் அம்மா எங்கள் மலைக்கு நர்ஸாக மாற்றலாகி வந்தபோது நாம் எட்டாம் வகுப்பில் இருந்தோம். நீ வகுப்புக்குள் வந்த முதல் நாள் முகமெல்லாம் வெளிறிக் கிடந்தது. "எத்தனை வளைவுடி உங்க ஊருக்கு? கொடலே வெளிய வந்துருச்சு" என்பதுதான் என்னிடம் நீ பேசிய முதல் பேச்சு. நான் உன்னைக் கீழ்நாட்டுக்காரி என்றேன். நீ என்னை மலைக்காரி என்றாய். அதற்குப் பிறகு நாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே குறைவு.

மலைமேல் குண்டூர் நாட்டில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு நீ வந்த அந்தப் பத்தாம் வகுப்பு ஆனி மாதம் நினைவிருக்கிறது. பொங்கலுக்கு உன் மாமா தந்த பணத்தைப் பத்திரமாக வைத்திருந்தாய். என்னிடம் ஆடு விற்ற காசில் அப்பா தந்தது கொஞ்சம் இருந்தது. இரண்டையும் சேர்த்து மிளகு நாற்று வாங்கினோம். சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் பாதியை நீ நட்டாய், பாதியை நான் நட்டேன்.

"ஏ கீழ்நாட்டுக்காரி, மரத்துக்கு வடக்குப் பக்கம் வை. தெக்கே வெச்சா வெயிலு கருக்கிப்புடும்."

"செடிக்கு வெயில் வேணாமா? இருட்டுல வளக்கறதுக்கு இதென்ன காளானா?"

சொல்லிவிட்டு உன் பங்கு முழுவதையும் தெற்கே நட்டாய். அது போதாதென்று, வருகிறபோதெல்லாம் நாற்றைப் பிடுங்கிப் பார்த்தாய். "வேர் பிடிச்சிருக்கான்னு பாக்கறேன்" என்றாய். "பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தா அது எப்படிடி புடிக்கும்?" என்று நான் கத்தினேன். உன் அம்மா உன் பெயரில் மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டுவந்த பணத்தையும் நீ அப்படித்தான் பார்ப்பாய். ஏறியிருக்கிற நாளில் சிரிப்பாய், இறங்கியிருக்கிற நாளில் சாப்பிடமாட்டாய். "பதினெட்டு முடிஞ்ச அன்னைக்கே நீயும் ஆரம்பிக்கற. வாரிசுன்னு கேப்பாங்க, என் பேரப் போடு. நான் உம் பேரப் போடறேன்" என்றாய். "சீ, வாயக் கழுவு" என்றேன். நீ சிரித்தாய்.

நீ நட்டதெல்லாம் கருகிப்போயின, ஒன்றைத் தவிர. அந்த ஒரு கொடி மரத்தைச் சுற்றிக்கொண்டு தானாகவே வடக்குப் பக்கம் போய் ஏறியது. யாரும் திருப்பிவிடவில்லை. கண் இல்லாத ஒன்றுக்கு நிழல் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்தது? தேடித் தேடிப் படித்தேன். உன்னிடம் ஓயாமல் பேசினேன்.

நாமக்கல் புத்தகக் கண்காட்சிக்குப் போய்த் திரும்பும்போது, எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு, கண்ணைத் திறக்காமலேயே நீ சொன்னாய்:

"நீ பி.காம் போடாத."

"ஏன்டி?"

"ஒரு கொடி திரும்புனதுக்கு ஒரு மாசமாப் பேசறவ பி.காம்ல வந்து என்னத்தக் கிழிக்கப் போற? எது வேணுமோ அதப் போடு. நான் எங்க போறேன்னு பாத்துப் போடாத."

"நீ இல்லாம நான் எங்கடி போறது?"

"பஸ்சுலதான்."

அடுத்த வளைவில் உனக்கு வாந்தி வந்துவிட்டது. பேச்சு அதோடு நின்றது. மீண்டும் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பில், கார்த்திகை மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஊருக்கெல்லாம் ஊசி போடும் உன் அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். உன்னைக் கீழே கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்தபோது, எங்கள் வீட்டு மரத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் பறித்து ஓடிவந்து உன் கையில் வைத்தேன். உதடு காய்ந்து கிடந்தது. ஆனாலும், "தள்ளி நில்லுடி. வாந்தி எடுத்தா உம்மேலதான் எடுப்பேன்" என்றாய். நான் தள்ளி நின்றேன். கதவைச் சாத்தினார்கள். அத்தனை வளைவுகளையும் இறங்கிப் போன நீ திரும்ப ஏறி வரவேயில்லை.

மாசியில் முதல் மிளகு பறித்தோம். உன் கொடியில் கிடைத்தது இரண்டு கை அளவுதான். அதைத் தனியாகக் காயவைத்தேன். என் மிளகிலும் பாதியைச் சேர்த்து எடுத்துக்கொண்டு நர்ஸ் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். உன் அம்மா ஒரு மிளகை எடுத்துக் கடித்தார். காரம் ஏறிக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அவ பங்கு எனக்கெதுக்குக் கண்ணு? வித்து உம் பேர்ல போடு, அவ சொன்ன மாதிரி. கோயமுத்தூர்ல பி.காம் சேந்துரு. அவ படிக்க வேண்டியத நீ படி. அவ இருக்கறப்பவே அந்தப் பக்கம் மாத்தல் கேட்டிருந்தேன். இப்பத்தான் வந்திருக்கு. ஞாயித்துக்கெழமன்னா ஊட்டுக்கு வந்துரு. கறி எடுத்து வெக்கறேன்."

"சரிங்கம்மா" என்றேன்.

பதினெட்டு முடிந்ததும் போனில் மியூச்சுவல் ஃபண்ட் கணக்குத் தொடங்கினேன். அவரே சொன்னதால் உன் இரண்டு கை மிளகின் பணமும் அதில் இருக்கிறது. வாரிசின் பெயர் கேட்ட இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மறுநாள் என் அம்மாவின் பெயரைப் போட்டேன். இப்போது நானும் தினமும் திறந்து பார்க்கிறேன். கத்துவதற்கு ஆள் இல்லை.

அடிவாரத்தில் காரவள்ளி தாண்டிச் சமதரை வந்ததும் அப்பா மெல்லக் கேட்டார். "கோயமுத்தூர் தானுங்கண்ணு? சிஸ்டரம்மா உன்னத்தான் நம்பிக்கிட்டு இருக்காங்க."

கோயமுத்தூருக்குப் போனால் ஜன்னல் பக்கக் கட்டிலில் வேறு யாராவது படுத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மா எனக்குச் சோறு போடுவார். உன் தட்டில் உட்கார்ந்து நான் சாப்பிடுவேன். நாள் போகப்போக அவருக்கு நான் நீயாகிவிடுவேன். அதைத் தாங்கிக்கொண்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் நீ தாங்கமாட்டாய். நீ சொன்னதை அவருக்குச் சொல்லாமலேயே காலத்தை ஓட்டிவிடப் பார்த்தேனே, அதைத்தான் முதலில் திட்டுவாய்.

நாமக்கல் பஸ் நிலையத்தில் இறங்கியதும் அப்பாவின் போன் அடித்தது. உன் அம்மா. அப்பா என்னிடமே நீட்டினார்.

"ஏறியாச்சா கண்ணு?"

"அம்மா, நான் திருச்சி பஸ்ல ஏறப் போறேனுங்க. செடியப் பத்திப் படிக்கப் போறேன். அவதானுங்க சொன்னா, பி.காம் போடாதன்னு."

இங்கே ஒரு கண்டக்டர் முசிறி, முசிறி என்று கூவிக்கொண்டிருந்தார். உன் அம்மா போனை வைத்துவிட்டாரோ என்று நினைத்தபோது குரல் வந்தது.

"எலுமிச்சம்பழம் எடுத்துக்கிட்டியா?"

"எனக்கு வாந்தி வராதுங்கம்மா."

"ஆமா" என்றார். பிறகு மிக மெதுவாக, "ஆமா, உனக்கு வராதில்ல" என்றார். போன் அணைந்தது.

அப்பா என் பையை வாங்கிக்கொண்டு திருச்சி பஸ்ஸைப் பார்த்து நடந்தார். நான் நிலையத்து வாசலில் இருந்த பழக்கடைக்குப் போய் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் கேட்டேன். "ஒன்னு போதுமா பாப்பா?" என்றார் கடைக்காரர். போதும் என்றேன்.

இப்போது பஸ் காவிரிக்கரையை நெருங்குகிறது. வழி நெடுக நேரான ரோடு, ஒரு வளைவும் இல்லை. பழம் என் உள்ளங்கையில் சூடாகிவிட்டது. இன்னும் அதைக் கீறவில்லை.