ஆடும் முன்பல்

செவ்வாய், இரவு

சங்கு குளிக்கிற நான், படகிலிருந்து காற்று அனுப்பும் கம்ப்ரசர் குழாயை முன்பற்களால் கடித்துக்கொண்டுதான் கடலடியில் மூச்சு விடுகிறேன். ஈறில் ரத்தம் வந்தபோதெல்லாம் குழாய் உரசியதுதான் என்று கொப்பளித்துவிட்டு மறுபடி இறங்கினேன்.

இன்று பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். "ஈறு நோய் முத்தி உள்ள எலும்பு கரைஞ்சிட்டு, அண்ணே. கீழ ஆடுத ரெண்டு பல்லையும் எடுத்துதான் ஆகணும். புண்ணு ஆறுத வரைக்கும் கடல்ல முங்கக் கூடாது."

யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டேன். படகில் என் கயிற்றைப் பிடிக்கிற மைத்துனன் சாயங்காலம் போனில், "காலைல வாரியளா, அத்தான்?" என்றான்.

"வாரேன்லே" என்று வாய் சொல்லிவிட்டது.

அதிலிருந்து நாக்கு அந்தப் பற்களையே தள்ளிப் பார்க்கிறது. சற்றுமுன் பழைய குழாய்த் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு கையால் மெதுவாக இழுத்தேன். பல்லில் பிடியே இல்லாமல் குழாய் சும்மா வந்துவிட்டது.

மைத்துனனுக்கு இன்னும் போன் போடவில்லை.